இளம் தடுப்பாட்டக்காரரை விற்பதா, வைத்துக்கொள்வதா? அருகிலிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:
நான் உறுப்பினராக இருக்கும் கால்பந்து கிளப்பின் 20 வயது சென்டர் பேக்கை (பின்களத்தின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை) பெரிய கிளப் ஒன்று விலைக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் கிளப் இதுவரை கண்டிராத தொகை அது. அடுத்த வாரம் உறுப்பினர் கூட்டத்தில் எங்கள் கருத்தைக் கேட்கப்போகிறார்கள். வாதாடுவதற்கு இங்கே பலர் இருக்கிறார்கள். இப்படியொரு முடிவை உள்ளே இருந்தோ அருகில் இருந்தோ பார்த்தவர்கள், அதன்பின் என்ன நடந்தது என்பதை எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

இளையோர் அணிப் பயிற்சியாளர்:
ஒரு கிளப்பின் இளையோர் அணிக்கு 11 ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் நான். 13 வயதில் என்னிடம் வந்த ஒரு பையன் 19 வயதில் முதல் அணியின் பின்களத்தில் நிலையான இடம் பிடித்தான். அதே ஆண்டில், வீரர் மாற்றத்துக்கான காலம் முடிய 3 நாள்களே இருந்தபோது விற்கப்பட்டான். நல்ல தொகைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவன் இடத்தில் யார் நிற்பது என்று அந்த 3 நாள்களில் ஒருவரும் கேட்கவில்லை. வந்த பணத்தில் ஒரு முன்கள வீரரை வாங்கிவிட்டு, பின்களத்தில் 34 வயதுக்காரர் ஒருவரை இறக்கினார்கள்.

தடுப்பாட்டக்காரரின் திறமை பந்தைப் பறிப்பதில் இருப்பதாகவே வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவன் செய்துவந்த பெரிய வேலையை நாங்கள் அவன் போனபிறகுதான் முழுதாக உணர்ந்தோம். பின்வரிசை எப்போது முன்னேறி எதிரணியை ஆஃப்சைடில் (பந்து வருமுன் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில்) விடுவது, எப்போது பின்வாங்குவது என்று ஆட்டம் முழுவதும் குரல் கொடுத்துவந்தவன் அவன். அந்தக் குரல் நின்றதும் நான்கு பேரும் நான்கு கணக்கில் நகர்ந்தார்கள். அவன் பின்னால் இருக்கிறான் என்ற துணிவில் ஓரமாக ஏறித் தாக்கிவந்த மூத்த வீரர், நடுக்கோட்டைத் தாண்டவே தயங்கினார். அதனால் பந்து முன்னே போவதே குறைந்து, புதிதாக வாங்கிய முன்கள வீரர் தனியாக நின்று தவித்தார். அந்தப் பருவத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

இங்கிலாந்துக் கிளப்பான லெஸ்டர் சிட்டியின் கதையை இதனுடன் வைத்துப் பார்ப்பேன். 2020இல் வாங்கிய இளம் தடுப்பாட்டக்காரர் வெஸ்லி ஃபோஃபானாவை, அந்தக் கிளப் 2022 ஆகஸ்ட் இறுதியில், பருவம் தொடங்கியபின், செல்சிக்கு விற்றது. மாற்று வீரர் அந்த மாற்றக் காலத்தின் கடைசி நாளில்தான் வந்து சேர்ந்தார். 2023 மே மாதம் அந்தக் கிளப் நாட்டின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகிலிருந்து அடுத்த நிலைக்குக் கீழிறங்கியது. அந்த ஒரு விற்பனையே காரணம் என்பது நியாயமாகாது. அவர்களிடம் வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் விற்பதென்றால் பருவம் தொடங்குமுன், கோடையின் தொடக்கத்திலேயே விற்றுவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கணக்குப் பிரிவில் இருந்தவர்:
நான் கண்டது இதற்கு நேர்மாறானது. நான் வேலை பார்த்த கிளப், 21 வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு வந்த நல்ல விலையை ரசிகர்களின் கோபத்துக்கு அஞ்சி மறுத்தது. மறுத்த கையோடு ஒப்பந்தத்தை நீட்டித்திருக்க வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசி 6 மாதம் வந்துவிட்டது; அந்தக் காலத்தில் வீரர் வேறு கிளப்புடன் தாராளமாகப் பேசலாம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995இன் போஸ்மன் தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தம் முடிந்து போகும் வீரருக்கு மாற்றத் தொகை கேட்க முடியாது. அவர் கைகுலுக்கி விடைபெற்றார். எங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. அதே ஆண்டில் அகாடமியின் (இளம் வீரர்களை வளர்க்கும் பிரிவின்) பயிற்சியாளர்கள் இருவரை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான்.

இன்னொன்றையும் கூட்டத்தில் கேளுங்கள். விலைக்கு வாங்கிய வீரரின் தொகை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதப்படும். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு அப்படி எழுத எதுவும் இல்லாததால், அவரை விற்று வரும் பணம் ஏறக்குறைய முழுவதும் லாபமாகவே பதிவாகும். நெருக்கடியில் இருக்கும் நிர்வாகத்துக்கு இது பெரிய ஆசை. வீரரை விற்கும்படி கிளப்பைத் தள்ளுவது ஆட்டத் தேவையா, கணக்குத் தேவையா என்பதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பது உறுதியானால் மறுவிற்பனைப் பங்கை, அதாவது வாங்கும் கிளப் பின்னால் அவரை விற்கும்போது உங்களுக்கு வர வேண்டிய பங்கை, விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப் 2013இல் இளம் தடுப்பாட்டக்காரர் ஜான் ஸ்டோன்ஸை எவர்ட்டனுக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டுக்கு விற்றபோது அப்படியொரு விதியைச் சேர்த்திருந்தது. 2016இல் அவர் சுமார் 4.75 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனபோது அதிலும் பார்ன்ஸ்லிக்குப் பங்கு கிடைத்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஒருவர் நாடு விட்டு நாடு மாறினால், தொகையில் 5 விழுக்காட்டை 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத்தர வேண்டும் என்ற ஃபிஃபாவின் (உலகக் கால்பந்து அமைப்பின்) விதி தனி. அதை மறுவிற்பனைப் பங்குடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வீரரின் அண்ணன்:
என் தம்பி 18 வயதில் விற்கப்பட்டான். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். புதிய கிளப்பில் இரண்டு ஆண்டுகளில் அவன் ஆடியது 6 ஆட்டங்கள். தடுப்பாட்டக்காரன் தவறு செய்து, அந்தத் தவறு கோலாகி, அடுத்த வாரமும் களமிறங்கி, அப்படித்தான் கற்றுக்கொள்கிறான். பெரிய கிளப்பில் முதல் தவறோடு அவன் பெஞ்சுக்குப் போய்விட்டான். தடுப்பாட்டக்காரர் மத்தைஸ் டி லிக்ட் 2019இல் யுவென்டஸுக்குப் போகும்போது தன் பழைய கிளப்பான அயாக்ஸுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தார், அணித்தலைவராகவும் இருந்தார். உங்கள் பையன் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான்? அவன் என்ன விரும்புகிறான் என்று யாராவது கேட்டார்களா?

நெடுநாள் ரசிகர்:
2022இல் இளம் தடுப்பாட்டக்காரர் யோஷ்கோ குவார்டியோலை செல்சி கேட்டபோது, அவர் ஆடிய ஜெர்மன் கிளப்பான லைப்சிக் விடவில்லை. உடனே புதிய ஒப்பந்தமும் போட்டது. அவர் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் குரோஷியாவுடன் மூன்றாம் இடம் பெற்றார், 2023இல் லைப்சிக்குடன் ஜெர்மன் கோப்பையை வென்றார், பிறகு சுமார் 9 கோடி யூரோவுக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். காத்திருந்ததில் கிளப்புக்கு ஓர் ஆண்டு ஆட்டமும் கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது.

தொடங்கியவர்:
அனைவருக்கும் நன்றி. கேட்ட கேள்விகளுக்கு விடை தேடிப் பார்த்தேன். அவர் முதல் அணிக்காக 38 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஒப்பந்தத்தில் இன்னும் 2 ஆண்டுகள் இருக்கின்றன. மாற்றாக நிற்க வேண்டியவர் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இந்தப் பருவத்தில் விற்க வேண்டாம், ஆனால் இந்த மாதத்துக்குள் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட வேண்டும், அதற்கு அவர் இசையாவிட்டால் அடுத்த கோடையின் முதல் வாரத்திலேயே மறுவிற்பனைப் பங்குடன் விற்றுவிட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அவரையே நேரில் பார்த்துப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.