புதுப்பிப்பு: ஆட்டுக் காதுவில்லையின் கழுத்து கிழிந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டது இதுதான்: கோயம்புத்தூரில் டூல் ரூம் (அச்சுகள் செய்யும் பட்டறை) நடத்துகிறேன். ஆடுகளுக்கென்று நானே வடிவமைத்து மோல்டு போட்ட டிபியு (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) காதுவில்லை, அதாவது அடையாளத்துக்குக் காதில் மாட்டும் வில்லை, மாட்டிய சில நாளிலேயே அதன் குறுகலான கழுத்துப் பகுதியில் கிழிகிறது, ஏன்?

கழுத்தைத் தடிமனாக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். செய்தேன், அப்போதும் கிழிந்தது. விடை கொடுத்தது "பிளாஸ்டிக் குருணையை உலர்த்தினீர்களா?" என்று ஒருவர் கேட்ட ஒற்றை வரிதான். டிபியு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குருணையை உருக்கும் பேரலின் சூட்டில் அந்த ஈரமே பாலிமர்ச் சங்கிலியை, அதாவது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை, அறுத்துவிடும். கிழிந்த வில்லையை வெட்டி லென்ஸில் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத குமிழ்கள், வரிசையாக. 90 டிகிரியில் 3 மணி நேரம் உலர்த்தி, குருணை கொட்டும் ஹாப்பரை மூடிவைத்து ஓட்டினேன். குமிழே இல்லை. மாட்டிய 40 வில்லையில் இதுவரை ஒன்றும் கிழியவில்லை.

எதிர்பாராத ஒன்று: தடித்த கழுத்துள்ள வில்லை மாட்டிய இரண்டு குட்டிகளுக்குக் காது புண்ணாகிவிட்டது. காதின் இருபுறமும் வரும் வில்லைத் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடமில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மோல்டில் கழுத்தை வடிக்கும் பழைய இன்சர்ட்டையே திரும்பப் போட்டுவிட்டேன்.

அப்புறம், மாட்டும்போது காதின் நடுவில், குருத்தெலும்பு வரிகளுக்கு இடையே, ரத்தக்குழாயைத் தவிர்த்துக் குத்துங்கள்.