புதுப்பிப்பு: மாடல் 52-க்கு எந்தப் பவுடர்?

என் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 52 பிஸ்டலுக்கு .38 ஸ்பெஷல் தோட்டா கையால் நிரப்ப புல்ஸ்ஐ என்ற வெடிமருந்துப் பவுடரா, வின்செஸ்டர் 231 பவுடரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டேன். குண்டு ஒன்றுதான்: 148 கிரெய்ன் எடை, அடியில் குழி உள்ள ஈய வாட்கட்டர் (இலக்கில் வட்டமாகத் துளை வெட்டும் தட்டை முனைக் குண்டு). இரண்டு பவுடருக்கும் தயாரிப்பாளர் அட்டவணையின் குறைந்த அளவில்தான் தொடங்கினேன்.

25 கஜத்தில், கையை மணல் மூட்டையில் ஊன்றிச் சுட்டபோது புல்ஸ்ஐ பவுடரில் சுட்ட பத்துத் துளைகளும் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. 231 கொஞ்சம் சிதறியது. என் துப்பாக்கியில் அப்படி, உங்களுடையதில் மாறலாம்.

ஆனால் ஒன்று முக்கியம். புல்ஸ்ஐ பவுடர் தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது, சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அன்று ஐம்பது கூடுகளையும் தாங்கியில் நிறுத்தி டார்ச் அடித்தேன். மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் பவுடர் மேலேறி நின்றது. கை நடுங்கிவிட்டது. அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கியே வெடித்திருக்கலாம். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிரப்பினேன்.

அப்புறம், கவனம் சிதறாமல் இருக்க, நிரப்பும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். அடுத்து 50 கஜத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும்.