ரொறன்ரோவில் ஒரு பெட்டி பேஸ்போல் பொருட்கள், 2,400 டொலர் கொடுக்கலாமா?

ரமணன்_வெள்ளவத்தை:

ரொறன்ரோவில் ஒருவர் தன் பேஸ்போல் சேகரிப்பை மொத்தமாக விற்கிறார். கேட்கிற விலை 2,400 கனேடிய டொலர். படங்கள் வந்திருக்கு. உள்ளே இருப்பவை:

1987 தொடக்கம் 1993 வரையான டொப்ஸ், டொன்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக் நிறுவனங்களின் பேஸ்போல் வீரர் கார்டுகள் ஏறத்தாழ 3,000. அவற்றில் 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் ஒன்று.
ரொறன்ரோ அணியான புளூ ஜேஸில் ஆடின ஜோ கார்ட்டர் கையெழுத்திட்ட பந்து. சான்றிதழ் இருக்கு, ஆனால் அதைக் கொடுத்த நிறுவனத்தை எங்கே தேடியும் காணவில்லை.
1993 இறுதித் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) டிக்கெட், புளூ ஜேஸ் மைதானமான ஸ்கைடோம், ஓரம் கிழித்தது.
விளாடிமிர் குரேரோ ஜூனியர் (இப்போதைய புளூ ஜேஸ் வீரர்): 2019 டொப்ஸ் இரண்டாம் தொகுதி 700ஆம் இலக்கக் கார்ட், அதோடு 2019 டொப்ஸ் குரோம் தங்க விளிம்புக் கார்ட், பின்னால் 17/50 (அச்சிட்ட ஐம்பதில் பதினேழாவது) என்று இருக்கு.
மைதானத்து மண் வைத்துச் சட்டமிட்ட படம், எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்போல் அமைப்பு) ஹொலோகிராம் ஒட்டியது.

இந்த விலை நியாயமா? எதை எப்படிச் சரிபார்ப்பது? கொழும்புக்குக் கொண்டுவந்தால் எப்படி வைத்திருப்பது?

தையல்108:

ரமணன், 2,400 என்ற எண்ணை முதலில் மறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கோ. கிரிஃபி, டிக்கெட், 17/50 கார்ட் மூன்றும்தான் விலை பேச வேண்டியவை. பந்து சரிபார்ப்பில் தேறினால் நாலாவது.

3,000 கார்டுகளுக்கு ஒரு சதமும் போடாதீங்கோ. அந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சிட்டன. வாங்கினவர்களும் நாளைக்கு விலை ஏறும் என்று உறை பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். அழியாமல் எல்லாம் தப்பிவிட்டதால் இன்றைக்கு அவற்றுக்குத் தட்டுப்பாடே இல்லை. நிறை மட்டும் ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும், தபால் செலவுக்குக்கூடக் காணாது. ஆனாலும் தள்ளிவிட முதல் நாலு கார்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கோ: 1993 எஸ்பி டெரெக் ஜீட்டர் (279ஆம் இலக்கம்), 1992 போமன் மரியானோ ரிவேரா (302), 1990 டொப்ஸ் பிராங்க் தோமஸ் (414) முன்பக்கத்தில் பெயர் அச்சாகாதது, 1991 டொப்ஸில் டெசேர்ட் ஷீல்ட் முத்திரை (வளைகுடாவுக்குப் போன அமெரிக்கப் படையினருக்கென்று அச்சிட்டது) பதித்தது எதுவானாலும். தோமஸ் கார்டிலும் டெசேர்ட் ஷீல்டிலும் போலி நிறைய வருது. கிடைத்தால் உடனே சந்தோஷப்படாமல் இங்கே படத்தைப் போடுங்கோ.

கிரிஃபி கார்டும் அதே காலத்துப் பொருள்தான், அரிய பொருள் இல்லை. பிஎஸ்ஏ (கார்டைச் சோதித்து 1 முதல் 10 வரை தரம் போடும் நிறுவனம்) கொடுக்கிற உச்சத் தரமான 10 பெற்றவையே 4,000க்கு மேல் இருக்கு. அப்படியிருந்தும் விலை நிற்பதற்குக் காரணம், அந்தத் தலைமுறைச் சேகரிப்பாளர் எல்லாருக்கும் அந்த ஒரு கார்ட் வேணும். 10க்கும் 8க்கும் இடையில் விலை பல மடங்கு வித்தியாசம், அதனால் நீங்கள் உண்மையில் விலை பேசுவது கார்டின் நிலைக்குத்தான். நேர் மேலே இருந்து எடுத்த படம் கேளுங்கோ. இடது விளிம்பையும் வலது விளிம்பையும் மில்லிமீற்றரில் அளந்து, பெரியதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கோ. 0.60ஐத் தாண்டினால் 10ஐ மறந்துவிடலாம், 0.55க்கு உள்ளே இருந்தால்தான் நம்பிக்கை. பிறகு மூலைகள். இது தொகுப்பின் முதலாம் இலக்கக் கார்ட், அச்சுத்தாளில் மூலையிலேயே இருந்தது. அதனால் வெட்டும்போதும் அடுக்கும்போதும் அடிபட்டவை அதிகம். வெள்ளை விளிம்பு சின்னத் தேய்வை மறைத்துவிடும், பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம் இல்லாமல் முடிவு எடுக்காதீங்கோ. பின்பக்க ஹொலோகிராம் சாய்க்கும்போது மின்ன வேணும். சாம்பல் நிறமாய்ச் சும்மா கிடந்தால் போலி.

பந்து. சான்றிதழைத் தூக்கி ஓரமாய் வையுங்கோ. அமெரிக்காவில் எஃப்பிஐ நடத்திய ஒபரேஷன் புல்பென் விசாரணையில் பிடிபட்ட கும்பல் கையெழுத்தோடு சான்றிதழையும் சேர்த்தே தயாரித்தது. அன்னை தெரேசா கையெழுத்திட்ட பேஸ்போல் பந்துகூட அவர்களிடம் இருந்தது. பெயர் தெரியாத நிறுவனத்தின் தாள் எதையும் நிரூபிக்காது. கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்களான பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெற் மூன்றில் ஒன்றின் இலக்கம் இருந்தால் அவர்களுடைய தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் கையெழுத்தே இல்லாத பந்து என்ற கணக்கில் விலை பேசுங்கோ.

அடுத்து முத்திரை. 1999 வரை எம்எல்பியின் இரண்டு லீக்குக்கும் (அமெரிக்கன், நாஷனல்) தனித்தனிப் பந்து, லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். புளூ ஜேஸ் அமெரிக்கன் லீக், 1994 வரை அதன் தலைவர் பொபி பிரவுன். 2000இல் இருந்து இரண்டுக்கும் ஒரே பந்து, எம்எல்பி ஆணையாளரின் பெயர்: முதலில் பட் செலிக், 2015இல் இருந்து ரொப் மன்ஃபிரெட். 1993இல் மைதானத்தில் வைத்து வாங்கின கையெழுத்து என்று விற்பவர் சொல்லி, பந்தில் செலிக் பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கதை பொய். கையெழுத்து பிற்காலத்தில் வாங்கின உண்மையான ஒன்றாக இருக்கவும் கூடும், ஆனால் கதைக்குச் சேர்த்துக் கொடுக்கிற விலை வீண். எழுத்தையும் உருப்பெருக்கிப் பாருங்கோ. வேகமாய் எழுதினவர் கோட்டைத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் மெலியும். பார்த்து வரைந்தவரின் கோடு முழுக்க ஒரே தடிப்பு, நடுவில் தயங்கி நின்ற புள்ளிகள் இருக்கும். கார்ட்டர் தாராளமாய்க் கையெழுத்திட்டவர், சிறந்த வீரர்களுக்கான பேஸ்போல் ஹோல் ஒஃப் ஃபேமிலும் இல்லை. எல்லாம் சரியாய் இருந்தாலும் இந்தப் பந்துக்குப் பெரிய விலை இல்லை.

எனக்கு இந்தப் பெட்டியில் பிடித்தது டிக்கெட். 1993 அக்டோபர் 23, ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸில் மிட்ச் வில்லியம்ஸின் பந்தில் கார்ட்டர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி), புளூ ஜேஸுக்கு 8–6 வெற்றி. ஹோம் ரன்னோடு இறுதித் தொடர் முடிந்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவை, 1960இல். அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் 52,195 பேர். அதில் டிக்கெட்டைப் பத்திரமாய் வைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! இப்போது நுழைவுச்சீட்டு எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதால் பழைய காகித டிக்கெட்டுக்குத் தனிச் சந்தையே உருவாகியிருக்கு. ஒன்றைக் கவனியுங்கோ: இறுதித் தொடர் டிக்கெட்டுகள் முன்கூட்டியே அச்சாகும், அதனால் ஆட்ட எண்தான் முக்கியம். 6 என்று இருக்க வேணும். 7 என்று இருந்தால் அப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை. 1, 2 என்றாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும். ஓரம் கிழித்திருப்பது குறைதான், ஆனால் உள்ளே போனவரின் டிக்கெட் என்பதற்கு அதுவே சாட்சி.

மண் படத்துக்கு ஒன்றும் கொடுக்காதீங்கோ. எம்எல்பியின் ஹொலோகிராம் முறை நம்பகமானது. 2001இல் தொடங்கினது, மைதானத்திலேயே சாட்சி நின்று பதிவு செய்கிறார்கள், இலக்கத்தைத் தளத்தில் போட்டால் விபரம் வரும். ஆனால் அந்த ஹொலோகிராம் பொருள் உண்மையானது என்று மட்டும்தான் சொல்லும், அரிது என்று சொல்லாது. ஒரு வாளி மண்ணில் எத்தனை படம் செய்யலாம் என்று யோசியுங்கோ.

பம்பலப்பிட்டி_நிரோ:

108 சொன்னதில் ஒன்றோடு மட்டும் நான் ஒத்துப்போகமாட்டேன். 17/50ஐ டிக்கெட்டோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 1993இல் நடந்தது இனி மாறாது, ஆனால் விளாடிமிர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒரு காயம், இரண்டு மோசமான சீசன் போதும், கார்ட் பாதி விலைக்கு வந்துவிடும். அதே சாதனைப் பந்துகளைப் பாருங்க: ஒரே சீசனில் சாதனையாக மார்க் மக்குவயர் அடித்த 70ஆவது ஹோம் ரன் பந்து 1999இல் 30 லட்சம் டொலருக்குப் போனது. 2001இல் பரி பொண்ட்ஸ் 73 அடித்தார். அந்த 73ஆவது பந்துக்கு 2003 ஏலத்தில் கிடைத்தது 450,000. அமெரிக்கன் லீக் சாதனையான எரன் ஜட்ஜின் 62ஆவது பந்துக்கு 30 லட்சம் தருகிறோம் என்று சொன்னதை மறுத்து ஏலத்துக்கு விட்டார்கள், 2022 டிசம்பரில் 15 லட்சத்துக்கு முடிந்தது. பரபரப்பான வாரத்தில் சொல்கிற விலை அந்த வாரத்துக்கு மட்டும்தான்.

2025இல் புளூ ஜேஸ் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய், 11ஆவது இன்னிங்ஸில் 5–4 என்று லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றது. அந்த ஒக்டோபர் விலையைக் காட்டி இப்போது கேட்டால் ஏமாறாதீங்க. விளாடிமிருக்கு 14 ஆண்டுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் இருப்பதால் ரொறன்ரோவில் அவருக்குத் தேவை குறையாது, அது உண்மை. ஆனாலும் வாங்குகிற காலம் டிசம்பர், ஜனவரி. விற்கிற காலம் மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும்போது.

700ஆம் இலக்கக் கார்ட் சாதாரண அச்சு, அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். எண் போட்ட கார்டில் எண் அச்சாகித்தான் இருக்கும், மேலே ஒட்டியதாகவோ எழுதியதாகவோ இருக்காது. 17 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு இல்லை. வீரரின் ஜெர்சி எண், 1/50, 50/50 இவற்றுக்குத்தான் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள். அவருடைய ஜெர்சி 27.

கொட்டாஞ்சேனை_சுதா:

வைத்திருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். கொழும்பில் ஈரப்பதம் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல், வெள்ளவத்தையில் உப்புக்காற்றும் சேரும். குரோம் கார்டின் முன்பக்கம் ஈரத்தை இழுக்காத படலம், பின்பக்கம் காகிதம். காகிதம் மட்டும் ஈரத்தில் விரிவதால் கார்ட் வளையும். கனமான புத்தகத்துக்குக் கீழே வைத்து நிமிர்த்த முயன்றால் மேற்பரப்பில் கோடு விழும், அதோடு தரம் போய்விடும்.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. 45 முதல் 55 வீதம் வரை இருந்தால் நல்லது. 40க்குக் கீழே போக விடாதீர்கள், கார்ட் மறுபக்கம் வளையும், பந்தின் தோல் காயும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால், மாறியதும் அவணில் 110 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பாவிக்கலாம். கமராக்காரர் பாவிக்கிற உலர் அலுமாரி இருந்தால் இந்த வேலையே இல்லை.

அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்ட வைத்துவிடும். கார்டை முதலில் மெல்லிய பொலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, அதன் பிறகே கடின உறைக்குள் விடுங்கள். போட்டோ அல்பத்தின் மென்மையான பிவிசி பக்கங்களில் சில வருடத்தில் எண்ணெய்ப் பசை கசிந்து கார்டில் ஒட்டும்.

பந்துக்குப் பெரிய எதிரி வெளிச்சம். பேனா மை வெயில் நேராகப் படாவிட்டாலும் மங்கும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கூடு உதவும், முழுப் பாதுகாப்பு இல்லை. காட்சிக்கு வைத்தே ஆகவேண்டுமென்றால் யன்னல் இல்லாத சுவரில். வெறுங்கையால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் மஞ்சளாகும். அழுக்குப் போக அழிறப்பரோ ஸ்பிரிட்டோ போட்டால் அழுக்கோடு மையும் போகும்.

ரமணன்_வெள்ளவத்தை:

எல்லாருக்கும் நன்றி. டிக்கெட்டில் 6 என்றுதான் இருக்கு. பந்தில் செலிக் பெயர். கிரிஃபி, டிக்கெட், 17/50 மூன்றையும் தனியாகத் தருவாரா என்று கேட்டேன், விலை சொல்லச் சொல்கிறார். எப்படிக் கணக்குப் போடுவது? கிரிஃபியைத் தரப்படுத்த அனுப்பலாமா? அளந்து பார்த்ததில் 0.58 வருது.

தையல்108:

ஈபேயில் விற்றுமுடிந்தவை என்று வடிகட்டிப் பாருங்கோ, விற்பவர்கள் கேட்கிற விலையைப் பார்க்கவே வேண்டாம். விலை குறுக்குக் கோடு போட்டிருந்தால் பேரம் பேசி அதைவிடக் குறைத்து முடிந்தது என்று அர்த்தம். உண்மையில் முடிந்த தொகையை 130பொயிண்ட் தளத்தில் பார்க்கலாம். அதே பொருள், அதே நிலை, கடைசி ஐந்து விற்பனை. கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் வருவதை எடுங்கோ. தரப்படுத்தாத கார்டுக்கு தரப்படுத்தாதவையின் விலையைத்தான் ஒப்பிட வேணும். 50க்கு எண் போட்ட கார்டில் ஐந்து விற்பனை கிடைக்காது. அப்போது 99க்கு எண் போட்டதையும் 25க்கு எண் போட்டதையும் பார்த்து இடையில் வையுங்கோ.

நடு விலை 100 என்றால், திருப்பி விற்கும்போது ஈபே 13 சொச்சம் எடுக்கும், பொதி, தபால், காப்புறுதிக்கு 8 தொடக்கம் 10 போகும். கையில் வருவது 77. ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது 60, ஏறினாலும் 68க்கு மேல் போகாதீங்கோ. டிக்கெட்டை வைத்திருக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 85 வரை கொடுக்கலாம். அதே நிலையில் இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல ஏலாது.

0.58 என்றால் கிரிஃபியை அனுப்ப வேண்டாம். கட்டணமும் போகவரத் தபாலும் காப்புறுதியும் சேர்த்து 45 அமெரிக்க டொலர் ஆகுது என்று வையுங்கோ. 10 கிடைத்தால் பெரிய லாபம், ஆனால் இந்த அளவில் 8, 9தான் எதிர்பார்க்கலாம். 8க்கும் தரப்படுத்தாததற்கும் உள்ள வித்தியாசம் அந்த 45ஐத் தின்றுவிடும். டிக்கெட்டை மட்டும் பிஎஸ்ஏக்கு அனுப்புங்கோ. அதில் எண் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, அசல் என்று மூடிய உறைக்குள் வருவதுதான் வாங்குபவருக்கு முக்கியம்.

பம்பலப்பிட்டி_நிரோ:

விற்கிற எண்ணம் இருக்கிற எதையும் இங்கே கொண்டுவராதீங்க. கொழும்பில் வாங்க ஆள் இல்லை, தபாலில் வந்தால் பெறுமதி சேர் வரி மட்டும் 18 வீதம், திருப்பி அனுப்ப இன்னொரு செலவு. 17/50ஐ ரொறன்ரோவில் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்க. அந்தப் பக்கம் ஸ்போர்ட் கார்ட் எக்ஸ்போ இளவேனிலிலும் நவம்பரிலும் நடக்கும், மேசைக்கு மேசை நேரடியாக விற்றால் ஈபேயின் 13 மிச்சம். டிக்கெட் தரப்படுத்தி முடிந்ததும் யாராவது வரும்போது கைப்பையில் கொண்டுவரட்டும், பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்றினால் பிளாஸ்டிக் உறையின் மூலை வெடிக்கும். ரசீதையும் கூடவே கொடுத்துவிடச் சொல்லுங்க, சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.