கோலாலம்பூர் முதல் பயணம்: விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை போட்டுவிட்டேன், மாற்றவா?

இரணியல்காரி

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் கோலாலம்பூர் போகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், எனக்கு விமானமே முதல் தடவை. அம்மாவுக்கு 63 வயது, முட்டுவலி உண்டு.

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் ஏர்போர்ட் பக்கம் என்றால் ஊருக்கும் பக்கம் என்றுதான் நினைப்போம். திருவனந்தபுரத்தில் இறங்கினால் தம்பானூருக்கு ஆட்டோவிலேயே போய்விடலாமே. அந்த நினைப்பில், ஏர்போர்ட்டில் இருந்து ஐந்தே நிமிடம் என்று போட்டிருந்த ஒரு ஹோட்டலில் 19, 20, 21 மூன்று இரவுக்கும் அறை பதிவு செய்துவிட்டேன். நேற்று மேப்பில் பார்த்தால் இரட்டைக் கோபுரம் எங்கேயோ இருக்கிறது, ஹோட்டல் செப்பாங் என்ற இடத்தில் இருக்கிறது. தினமும் அங்கிருந்து ஊருக்குள் போய் வர முடியுமா? இல்லை, அறையை மாற்றிவிடவா? ரத்து செய்ய இன்னும் ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது.

இன்னொரு பயம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட்டில் அந்த ஒரே பெயரையே இரண்டு தடவை அச்சடித்திருக்கிறார்கள். போதாததற்கு அம்மா எட்டாம் வகுப்புதான், பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்ற அனுமதி தேவை) முத்திரை இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர், ‘ஈசிஆர் என்றால் மலேசியாவுக்கு விடமாட்டான்’ என்று சொல்லி அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்.

விமானம் 18 திங்கள், 12.25க்கு. திங்கள் இரவு 7 மணிக்குக் கார் சொல்லியிருக்கிறேன். திரும்பி வருவது 22 வெள்ளி இரவு 10.30க்கு. செவ்வாய் முதல் வெள்ளி வரை லீவு.

குளச்சல் கப்பல்காரன்

தங்கச்சி, முதல் வேலையாக அந்த அறையை ரத்து செய். கோலாலம்பூர் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. உங்கள் இரணியலில் இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு. தினமும் இரணியலில் இருந்து திருவனந்தபுரம் போய் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி திரும்பி வருவாயா? அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு?

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. லிட்டில் இந்தியா என்றும் சொல்வார்கள். அங்கே அறை எடு. கடைக்காரர்கள் தமிழ் பேசுவார்கள், இலையில் சாப்பாடு கிடைக்கும், அம்மா தனியாக இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எந்த ரயில் பிடிக்கவும் கேஎல் சென்ட்ரல்தான் மையம். நான் கப்பலில் இருந்த காலத்தில் கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும்போதெல்லாம் அங்கேதான் ஓடுவேன், இட்லிக்காக!

ஏர்போர்ட்டில் இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. டெர்மினல் 1இல் இருந்து 28 நிமிடம், டெர்மினல் 2இல் இருந்து 33 நிமிடம். ஆளுக்கு 55 ரிங்கிட். இரண்டு பேர் என்றால் 110 ஆகிறது. அந்தப் பணத்துக்கு கிராப் செயலியில் ஒரு கார் கூப்பிட்டால் ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடுவான். தனி ஆளுக்கு ரயில், அம்மாவும் பெட்டியும் இருந்தால் கார். இது என் கணக்கு. காசை இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பஸ்ஸும் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தக்கலை வாத்தியார்

மக்களே, அந்தத் தெருக்காரர் பேச்சை விடு. ஈசிஆர் முத்திரை வேலைக்குப் போகிறவர்களுக்கான விஷயம். குடியேற்ற அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால்தான் அவர் குழம்பியிருக்கிறார். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இன்னொன்று, 50 வயது தாண்டியவர்கள் ஈசிஆர் பிரிவிலேயே வரமாட்டார்கள். அம்மா பாஸ்போர்ட்டில் முத்திரை அப்படியே கிடக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது எடுத்துவிடச் சொல். கவுண்டரில் ஏதாவது கேட்டால் காட்ட, திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள். போன் சார்ஜ் தீரும், தாள் தீராது.

ஒரே பெயர் பிரச்சினை நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரிக்கும் டிக்கெட்டில் அதே மாதிரி பெயரை இரண்டு தடவைதான் போட்டார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனசு சமாதானமாக வேண்டுமென்றால் விமான நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்.

விசா பற்றி நீ எழுதவே இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள், அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று இருக்கிறது, எம்டிஏசி என்பார்கள். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். தேடினால் பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதே.

இரணியல்காரி

வாத்தியாரே, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டார்கள். குளச்சல் அண்ணா, அறையை ரத்து செய்துவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் 19 முதல் பார்க்கிறேன். பத்துமலை முருகன் கோயிலில் 272 படி என்கிறார்களே, அம்மா எப்படி ஏறுவார்கள்?

கோட்டாறு அக்கா

ஏ பிள்ளே, நில்லு! பத்துமலை கிடக்கட்டும். உன் முதல் பதிவை இப்போதுதான் வாசித்தேன். 18ஆம் தேதி 12.25 என்று எழுதியிருக்கிறாய். அது பகலா, இரவா? டிக்கெட்டில் 00.25 என்று போட்டிருக்கிறதா பார். அப்படிப் போட்டிருந்தால் அது ஞாயிறு ராத்திரி முடிந்து திங்கள் பிறந்த 25ஆவது நிமிடம். நீ திங்கள் இரவு 7 மணிக்குக் காரில் ஏறினால், விமானம் போய் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இரணியல்காரி

அக்கா... 00.25தான். கை நடுங்குகிறது. திங்கள் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்!

கோட்டாறு அக்கா

நடுங்காதே, இன்னும் நாள் இருக்கிறது. என் மகன் கல்யாணம் முடிந்து மருமகளோடு கிளம்பியபோது எங்கள் வீட்டிலேயே இந்தத் தப்பு நடந்தது. அதனால்தான் கண்ணில் பட்டது. இப்போது எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னால் தள்ளு. கார் 17 ஞாயிறு மாலை. அறை 18 முதல் நான்கு இரவு. லீவு திங்களில் இருந்து. வருகை அட்டையிலும் இறங்கும் தேதி 18.

நான்கு மணி நேரப் பயணம், அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால் இறங்கும்போது விடிந்து 7 மணி ஆகியிருக்கும். ஆனால் ஹோட்டலில் அறை பிற்பகலில்தான் தருவார்கள். இப்போதே எழுதிக் கேள், கொஞ்சம் காசு கூடக் கொடுத்தாவது காலையிலேயே அறை கிடைக்குமா என்று. ராத்திரி முழுக்கத் தூங்காத அம்மாவை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்துவிடாதே. அப்புறம், அங்கே வெளிநாட்டுக்காரர்களிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். ஆன்லைனில் கட்டியாச்சே என்று சண்டை போடாதே.

மார்த்தாண்டம் டிரைவர்

ஞாயிறு மாலை ஏழு மணி வேண்டாம் அக்கா, ஆறுக்கே கிளம்பச் சொல்லுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டவே நேரம் ஆகும். காரோடு என்ற ஊரில் பைபாஸில் ஏறிவிட்டால் பாலராமபுரம் நெரிசல் இல்லை. டிரைவரிடம் ‘சாக்கை பக்கம், வெளிநாட்டு டெர்மினல்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் போய் நின்றால் ஓடுதளத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

குளச்சல் கப்பல்காரன்

கோட்டாறு அக்காவுக்கு ஒரு கும்பிடு. நானும் அதை வாசித்தேன், என் கண்ணில் படவே இல்லை.

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலில் இருந்தே கேடிஎம் கொம்யூட்டர் ரயில் போகிறது, நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே கோயில். அம்மா ஏற வேண்டியதில்லை. பெரிய முருகன் கீழேதான் நிற்கிறார், 140 அடி. நம் குமரிமுனை வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133. ஏழு அடிதான் வித்தியாசம் என்று அம்மாவிடம் சொல். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்கு பறித்துக்கொள்ளும்.

இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறும் ஆசை இருந்தால் திங்கள் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை. என்னைக் கேட்டால் ஏறவே வேண்டாம். சாயங்காலம் கீழே உள்ள பூங்காவில் உட்கார்ந்து பார்த்தாலே போதும், காசு இல்லை. கேஎல் சென்ட்ரலில் இருந்து எல்ஆர்டி நகர ரயிலில் ஐந்தாவது நிறுத்தம். பிற்பகலில் சட்டென்று இடிமழை வரும், குடை பையிலேயே இருக்கட்டும்.

வங்கிச் செயலியில் ஏடிஎம் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிடு. ஓடிபி வர நம் சிம்மில் ரோமிங் வேண்டும்.

இரணியல்காரி (பிறகு)

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு மாலை 6 மணிக்கே கிளம்பிவிட்டோம். ஈசிஆர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. எத்தனை நாள், எங்கே தங்கல் என்று மட்டும் கேட்டார்கள், வாத்தியார் சொன்ன தாள்களை நீட்டினேன்.

காலையில் சாப்பாட்டுக் கடை அம்மா ‘பசியாறியாச்சா’ என்று கேட்டார். என் அம்மா விழித்தார். நம் ஊரில் ‘காப்பி குடிச்சாச்சா’ என்று கேட்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்கிறார்கள் என்று புரிந்ததும் இருவரும் அரை மணி நேரம் பேச்சு. பத்துமலையில் அம்மா முருகனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘உயரம் கூடத்தான், ஆனா கடல் இல்லையே’ என்றார்.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை: இங்கே பிளக் மூன்று தட்டைக் கம்பி, நம் சார்ஜர் நுழையவே இல்லை. கோட்டாறு அக்கா, உங்களுக்கு இங்கிருந்து என்ன வாங்கி வரட்டும்?