கடை கைமாறும்போது வேலை: நகரச் சட்டம் செல்லுமா, ஃபெடரல் சட்டம் அதை முறியடிக்குமா?

லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய மளிகைக் கடையொன்றில் வேலை பார்க்கும் சகோதரி, கடை விற்கப்படவிருப்பதாகவும், "ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) தொழிலாளர் சட்டம் இருக்கும்போது, பழைய ஊழியர்களைப் பாதுகாக்கும் நகரச் சட்டம் செல்லாது" என்று மேலாளர் கூறியதாகவும் எழுதியிருந்தார். மேலாளர் கூறியது தவறு. இதே வாதம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது.

15,000 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள மளிகைக் கடையை வாங்குபவர், பழைய ஊழியர்களைப் பணிமூப்பு வரிசையில் எடுத்து 90 நாள்கள் வேலையில் வைத்திருக்க வேண்டும், தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்பது அந்நகரம் 2005இல் இயற்றிய சட்டம். கடைக்காரர்களின் சங்கம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. வாங்குபவரின் ஊழியர்களில் பெரும்பான்மையோர் பழைய ஊழியர்களாக இருந்தால் அவர்களுடைய தொழிற்சங்கத்தோடு பேச்சு நடத்தியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் பர்ன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால், ஆள் எடுக்கக் கட்டாயப்படுத்துவது சங்கத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவதாகும் என்பது அவர்கள் வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011இல் அதை ஏற்கவில்லை: 1935ஆம் ஆண்டின் ஃபெடரல் தொழிலாளர் சட்டம் சங்கம் அமைப்பதையும் பேரம் பேசுவதையும் ஒழுங்குபடுத்துகிறதே தவிர, வேலைப் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச விதிகளை மாநிலமோ நகரமோ வகுப்பதைத் தடுக்கவில்லை, சங்கத்தோடு பேச வேண்டுமா என்பது ஃபெடரல் தொழிலாளர் வாரியம் தனியே தீர்மானிக்க வேண்டியது. இதே வகையான வாஷிங்டன் நகரச் சட்டத்தை 1995இலும், பிராவிடன்ஸ் நகரின் ஹோட்டல் ஊழியர் சட்டத்தை 2011இலும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இவ்வாறே நிலைநிறுத்தின.

இவ்வகைச் சட்டம் இல்லாத ஊரில் நிலைமை வேறு. சங்க உறுப்பினர் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்பதைத் தாண்டி, பழைய ஊழியரை எடுத்தே தீர வேண்டும் என்று ஃபெடரல் தொழிலாளர் சட்டம் வாங்குபவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் மளிகைக் கடைகளுக்கு மாநிலச் சட்டமே 2016 முதல் 90 நாள் பாதுகாப்புத் தருகிறது.

சகோதரி முதலில் பார்க்க வேண்டியது, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தம் பணிக்காலம் ஆறு மாதத்தை எட்டியிருக்குமா என்பதுதான். எட்டாதவருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பணியில் சேர்ந்த நாளைக் காட்டும் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். புது முதலாளி, அமெரிக்காவில் வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை மீண்டும் நிரப்பச் சொன்னால் தயங்காமல் நிரப்புங்கள். வேலை அனுமதி அட்டை இடையில் காலாவதியாகிவிட்டால், 90 நாள் விதியைக் காட்டி வேலையில் தொடர முடியாது.