கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைக் கிழித்துப் போடச் சொல்கிறார் அப்பா, என்ன செய்யலாம்?

வத்தலக்குண்டு மளிகை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு பக்கம் அப்பாவுக்கு ஒரு மளிகைக்கடை, 22 வருடமாக நடக்கிறது. ஜிஎஸ்டி பதிவு கிடையாது, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ததில்லை. கணக்கு என்று சொன்னால் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கடன் நோட்டு ஒன்றுதான். கொரோனா சமயத்தில் நான்தான் சண்டை போட்டு க்யூஆர் அட்டை வாங்கி ஒட்டினேன். பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி இரண்டு பேர் ஏமாற்றிவிட்டுப் போன பிறகு, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுமே அந்தப் பெட்டி, அதையும் வாங்கி வைத்தோம். இப்போது அது பேசவில்லை என்றால் அப்பாவுக்குக் கை ஓடாது.

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். அந்த வீடியோவை யாரோ இப்போது மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அப்பா தூங்கவில்லை. "அட்டையைக் கிழிச்சுப் போடு, இனிமே காசுதான்" என்கிறார்.

கணக்குப் பார்த்தேன். க்யூஆரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 9,500 வருகிறது, வருடத்துக்கு 34 லட்சம். ரொக்கம் ஒரு 8,000 இருக்கும். 40 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்கிறார்கள், அப்படியானால் நாங்கள் தப்பித்தோமா? இல்லை, ரொக்கத்துக்கே மாறிவிடுவதுதான் நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் கணக்கர்:

தம்பி, நான் ஆடிட்டர் ஆபீஸில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவுக்குச் சொல்லும் 40 லட்சம் என்பது க்யூஆரில் வரும் பணத்துக்கான வரம்பு இல்லை, மொத்த விற்பனைக்கான வரம்பு. கல்லாவில் விழும் ரொக்கமும் அதில் சேரும். உங்கள் கணக்குப்படியே க்யூஆர் 34ம், நாளைக்கு 8,000 என்ற ரொக்கம் 29ம் சேர்ந்தால் 63 லட்சம். அட்டையைக் கிழித்தாலும் 63 லட்சம் 63 லட்சம்தான், வெளியே தெரிவது மட்டும்தான் குறையும். அதுவும் இனிமேல் வருவதுதான் குறையும், இதுவரை வந்ததெல்லாம் வங்கியில் அப்படியே இருக்கிறது.

ஒரு நாளைக்கு 11,000 ரூபாய் விற்றாலே வருடத்தில் 40 லட்சம் வந்துவிடும். ஓரளவு ஓடும் எந்த மளிகைக்கடையும் அதைத் தாண்டியிருக்கும், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். (சர்வீஸ் தொழிலுக்கு வரம்பு 20 லட்சம். சலூன், ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அதைக் கவனியுங்கள்.)

இனி பயத்தைக் குறைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். காம்போசிஷன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1.5 கோடி வரை விற்பனை உள்ள வியாபாரிகள் அதில் சேரலாம். வரி 1 சதவீதம்தான், அதுவும் வரி உள்ள சரக்கின் விற்பனைக்கு மட்டும். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் அரிசி, காய்கறி, பால் எல்லாம் வரி இல்லாதவை, அவற்றைக் கழித்துவிடலாம். 63 லட்சத்தில் பாதி வரி உள்ள சரக்கு என்று வைத்தால் வருடத்துக்கு 31,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்). ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியையும் திரும்ப எடுக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. மளிகைக்கடைக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல் இல்லை.

வருமான வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. சின்ன வியாபாரிகளுக்கான உத்தேச வருமான முறையில் (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) கணக்குப் புத்தகம் இல்லாமலே லாபத்தை உத்தேசமாகக் காட்டலாம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம். க்யூஆரில் வாங்குபவருக்கு அங்கே சலுகை! உங்கள் கடைக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தம் நாலே கால், நாலரை லட்சம்தான் லாபமாக வரும். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி இல்லை. ஆக ரிட்டர்ன் போட வேண்டும், வரி பூஜ்யம். அப்பா எதற்குத் தூக்கத்தை விடுகிறார்?

பழைய வருடங்களை எப்படிச் சரிசெய்வது என்பதை இங்கே எழுத வேண்டாம். ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு உள்ளூர் ஆடிட்டரை நேரில் பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. அந்த 34 லட்சமும் விற்பனைதானா?

வத்தலக்குண்டு மளிகை:

அண்ணா, நன்றி. கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இல்லை, முழுக்க விற்பனை இல்லை. அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார், குழுத் தவணை மாதாமாதம் இதே க்யூஆரில்தான் விழுகிறது. போன வருடம் மச்சான் வீடு கட்ட 2 லட்சம் அனுப்பினார், அதுவும் இதே கணக்கில்தான். அப்புறம் கடைக்குப் பக்கத்தில் ஏடிஎம் இல்லை. "அண்ணாச்சி, 2,000 ஜிபே பண்றேன், கையில காசா குடுங்க" என்று வாரத்துக்கு மூன்று நான்கு பேர் வருகிறார்கள், அப்பாவும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும், அதையும் விற்பனை மாதிரியே கத்திச் சொல்கிறது.

சிவாஜிநகர் வாசி:

நான் பெங்களூரில் இருக்கிறேன், மாமா இங்கே பேக்கரியோடு சேர்ந்த டீக்கடை வைத்திருக்கிறார். அந்த ஜூலையை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். வணிக வரித்துறை யுபிஐ நிறுவனங்களிடமிருந்து 2021-22 தொடங்கி நான்கு வருட விவரத்தை வாங்கி, வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாதவர்களைப் பிரித்தெடுத்து நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு, நான்கு வருடத்தில் 1.63 கோடி வரவு, 29 லட்சம் கட்டு என்று போயிருந்தது. அவர் விற்றது பச்சைக் காய்கறி, அதற்கு வரியே கிடையாது! இயந்திரத்துக்கு வரவு மட்டும்தான் தெரியும், கத்தரிக்காயா சோப்பா என்று தெரியாது.

மாமாவுக்கு நோட்டீஸ் வரவில்லை. ஆனாலும் தெருவில் எல்லாரும் செய்கிறார்களே என்று ஒரு அட்டையில் "நோ யுபிஐ, ஒன்லி கேஷ்" என்று எழுதித் தொங்கவிட்டார். நான்கே நாள். காலையில் டீ குடிக்க வரும் ஐடி பசங்க கையில் பத்து ரூபாய் நோட்டு இருக்காது. டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அட்டையைப் பார்ப்பார்கள், "நாளைக்குத் தரேன் அங்கிள்" என்று போய்விடுவார்கள். அந்த நாளை வந்தால்தானே. ஐந்தாவது நாள் அட்டை குப்பைக்குப் போனது, க்யூஆர் திரும்ப வந்தது.

வியாபாரிகள் பந்த் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் பால் விற்காமல் கறுப்புப் பட்டை கட்டி எதிர்ப்பு, பல கடைகளில் கட்டன் டீதான். ஜூலை 23 அன்று முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கிக்கு நெருக்க மாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்றதும் பந்த் கைவிடப்பட்டது. நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பதுதான், இறுதித் தொகை இல்லை என்றும் சொன்னார்கள். விளக்கம் கொடுக்கக் கையில் ஏதாவது காகிதம் இருக்க வேண்டுமே! கடன் வாங்கிய பணம் எது, வியாபாரம் எது என்று நான்கு வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? கரூர் அண்ணா கேட்ட கேள்விதான் முக்கியமான கேள்வி.

பல்லவன் தடம்:

எல்லாரும் ரொம்ப நல்ல பிள்ளையாகப் பேசுகிறீர்கள். என் எரிச்சலை நானும் சொல்லிவிடுகிறேன். 2016இல் யுபிஐ வந்தபோது சுலபம், இலவசம் என்றுதான் சொன்னார்கள். 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லை. அதெல்லாம் சரி. ஆனால் இந்த விவரம் ஒருநாள் வரித்துறை மேசைக்குப் போகும் என்று அட்டை ஒட்ட வந்த பையன் யாரிடமாவது சொன்னானா? இப்போது கடைக்காரர் எத்தனை மணிக்கு எவ்வளவு விற்கிறார் என்பது செயலி வைத்திருப்பவனுக்குத் தெரியும், "உங்களுக்கு 80,000 கடன் ரெடி" என்று அவனே போன் செய்கிறான், தினமும் வரவிலிருந்து பிடித்துக்கொள்கிறான். கடைக்காரருக்கு மட்டும்தான் தன் கணக்கு தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் சித்தப்பா சென்னையில் எம்டிசி கண்டக்டர். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, ஆனாலும் ஒவ்வொருவருக்கும் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கொடுக்க வேண்டும். காசே இல்லாத டிக்கெட் எதற்கு என்று சண்டை போடுவார்களாம். அந்த எண்ணிக்கைதான் கணக்கு, அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கும் பணம் அதைக் காட்டித்தான் வருகிறது, நீ டிக்கெட் வாங்கவில்லை என்றால் நீ பஸ்ஸில் ஏறவே இல்லை என்று அர்த்தம் என்பார் சித்தப்பா. இப்போது அவர் கையில் இருக்கும் மெஷினில் ஜிபேயும் எடுக்கிறது, சிங்காரச் சென்னை பயண அட்டையும் எடுக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். சில்லறைத் தகராறு பாதியாகக் குறைந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். சிக்னல் இல்லாத இடத்தில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பின்னால் இருபது பேர் நிற்பார்கள், அது வேறு கதை. இந்த எண்ணிக்கையை வைத்து எங்கள் தடத்தில் இன்னொரு பஸ் விட்டால் நான் முழுமனதோடு ஸ்கேன் செய்வேன்.

திருப்பூர் தையல்:

பல்லவன் சார், கடைக்காரருக்கு மட்டும் தன் கணக்கு தெரியாது என்றீர்களே, அது உண்மைதான். ஆனால் தெரிந்துகொள்ளத் தடை ஒன்றும் இல்லையே. நான் சின்னதாக பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன், நானும் இரண்டு பெண்களும். போன வருடம் வங்கியில் கடன் கேட்டபோது வியாபார ஆதாரம் கேட்டார்கள். பில் புக் கிடையாது. ஒரு வருட க்யூஆர் ஸ்டேட்மெண்டைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன், அதை வைத்துத்தான் ஓவர்லாக் மெஷினுக்குக் கடன் கிடைத்தது. பிரிண்ட் எடுத்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆடியில் வேலை இல்லை என்று இத்தனை வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஆடிக் கடைசியில்தான் அட்வான்ஸ் குவிகிறது, ஆவணிக் கல்யாணத்துக்கு. நிஜமாகவே காய்ந்து கிடந்தது மார்கழிதான். இப்போது லைனிங் துணி வாங்குவதையே அதற்கேற்ப மாற்றிவிட்டேன்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அப்பாவிடம் வரி, சட்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். ஸ்டேட்மெண்டை எடுத்துக் கையில் கொடுங்கள், அவர் கடையை அவரே பார்க்கட்டும். குழுப் பணத்துக்கு அம்மா பெயரில் தனிக் கணக்கு வையுங்கள், அது இன்றைக்கே செய்யக் கூடியது.

கரூர் கணக்கர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடைக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொடங்கி க்யூஆரை அதோடு இணையுங்கள், வீட்டுப் பணம் அந்தப் பக்கமே வரக் கூடாது. ரொக்கம் கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பது அவசரத்துக்கு உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்தால் நோட்டில் தேதி, தொகை, பெயர் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு மளிகை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தகவல் சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது. மார்ச் மாத ஸ்டேட்மெண்ட் ஒன்றை மட்டும் பிரிண்ட் எடுத்து நானும் அப்பாவும் ஒரு ராத்திரி உட்கார்ந்தோம். 2.9 லட்சம் வரவில், குழுப் பணம், ரொக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 70,000 விற்பனையே இல்லை. மற்ற மாதங்களும் இப்படித்தான் இருக்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அப்படியே கழித்தாலும் ரொக்கத்தோடு சேர்த்து 40 லட்சத்தைத் தாண்டுகிறது, அதனால் காம்போசிஷனில் பதிவு செய்ய ஆடிட்டரைப் பார்த்துவிட்டோம். கரண்ட் அக்கவுண்டுக்கு மனு கொடுத்தாயிற்று. அந்த 1 சதவீதத்தைத்தான் அப்பாவால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை, நூறு ரூபாய் பிஸ்கட்டில் லாபமாக நிற்பதே எட்டு ரூபாய், அதில் ஒரு ரூபாயா என்கிறார்.

அம்மாவுக்குத் தனி க்யூஆர் வந்துவிட்டது. கடையில் ஒட்ட இடம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டதால் அரிசி மூட்டைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். நேற்று ஒருவர் சர்க்கரை வாங்கிவிட்டு அதில் ஸ்கேன் செய்துவிட்டார். அம்மா அந்த 48 ரூபாயை இன்னும் திருப்பித் தரவில்லை.