தொடாவுராய்வு: சந்திரசேகரின் 1943-ஆம் ஆண்டுக் கருத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்புடையீர், வணக்கம்.

வானியற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் வெளியிட்ட மூன்று கட்டுரைகளுக்குத் தலைப்பான ‘டைனமிக்கல் ஃபிரிக்‌ஷன்’ என்ற தொடருக்கு, அதாவது விண்மீன்களுக்கு நடுவே செல்லும் கனமான பொருள் அவற்றின் ஈர்ப்பால் வேகம் குறைவதற்கு, கலைச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. திருவொற்றியூர் நண்பர் ‘இயக்க உராய்வு’ என்றார். பெரம்பூர் அம்மையார் ‘ஈர்ப்பிழுவை’ என்றார். ராயபுரத்துப் பெரியவர் உராய்வு என்ற சொல்லே வேண்டாம், ‘பின்னீர்ப்பு’ போதும் என்றார். எனக்கு ‘தொடாவுராய்வு’ என்பதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. சந்திரசேகர் எந்த வழியாக இந்தக் கருத்துக்கு வந்தார், அது பின்னர் யார் கைகளுக்குப் போனது என்பதைப் பார்க்காமல் இந்தச் சொல்லை முடிவுசெய்ய முடியாது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘இயக்க உராய்வு’. இதை நாம் எடுத்துக்கொள்ள வழியில்லை. மேசைமேல் நகரும் கட்டையின் உராய்வுக்குப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் இந்தப் பெயர்தான் வழங்குகிறது. நிலை உராய்வுக்கு எதிர்ச்சொல்லாக அது மாணவர் மனத்தில் ஊன்றிவிட்டது. ‘இயக்கவியல் உராய்வு’ என்று ஓர் அசையைக் கூட்டினாலும் குழப்பம் தீராது.

இனி நிகழ்வைப் பார்ப்போம். எண்ணற்ற விண்மீன்களுக்கு நடுவே கனமான ஒரு பொருள் செல்கிறது. அது ஒரு பெரிய விண்மீனாகவோ கொத்தாகவோ கருந்துளையாகவோ இருக்கலாம். அதன் ஈர்ப்பால் சுற்றியுள்ள விண்மீன்கள் அதை நோக்கித் திரும்புகின்றன. ஆனால் அவை வந்து சேர்வதற்குள் அது கடந்து போய்விடுகிறது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எம்.சி. ரோட்டுக் கடைத்தெரு நெரிசலில் ஒரு நடிகர் நடந்துபோனால், அவரைப் பார்க்கத் திரும்பி வரும் கூட்டம் அவருக்கு முன்னால் அல்லாமல் முதுகுக்குப் பின்னால்தான் அடர்த்தியாகத் திரளும், அதைப் போல. பின்னால் திரண்ட விண்மீன்களின் கூட்டு ஈர்ப்பு அந்தப் பொருளைப் பின்னுக்கு இழுக்க, அதன் வேகம் குறைகிறது. எதுவும் எதனோடும் மோதவில்லை, உரசவில்லை. பொருளின் நிறை கூடக் கூட வேகக் குறைவும் அதே விகிதத்தில் கூடுகிறது. அந்தப் பொருளைவிட மெதுவாகச் செல்லும் விண்மீன்களே இந்தத் தடைக்குக் காரணமாகின்றன என்பது சந்திரசேகரின் வாய்பாடு தரும் நுட்பமான முடிவு.

இவ்வளவையும் படித்தால் பெரியவரின் ‘பின்னீர்ப்பு’ கச்சிதமாகப் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஆனால் சந்திரசேகர் இந்தப் படத்திலிருந்து தொடங்கவே இல்லை.

1937 முதல் விஸ்கான்சின் மாநிலத்து யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், 1939-இல் விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு நூலை முடித்துவிட்டு அந்தத் துறையிலிருந்து விலகி, விண்மீன் கூட்டங்களின் இயக்கத்துக்குள் இறங்கினார். ஒரு துறைக்குள் புகுந்து, சில ஆண்டுகள் அதிலேயே ஊறி, அதை ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூலாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த முறை. இரண்டாவது துறைக்கான நூல் 1942-இல் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டுதான் இந்த உராய்வை அவர் கண்டுகொண்டார். நூலை முடித்த பின்னும் கணக்கு அவரை விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் கணக்கில் அவருக்குத் துணைநின்றவர் கணித மேதை ஜான் வான் நாய்மன். ஒழுங்கின்றிப் பரந்து கிடக்கும் விண்மீன்கள் ஓரிடத்தில் செலுத்தும் ஈர்ப்பு கணத்துக்குக் கணம் எப்படி ஏறி இறங்கும் என்பதை இருவரும் 1942, 1943 ஆண்டுகளில் இரு கட்டுரைகளாக ஆராய்ந்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய நிகழ்தகவுப் பரவல், நார்வே நாட்டு இயற்பியலர் ஹோல்ட்ஸ்மார்க் 1919-இல் அயனிகளின் மின்புலத்துக்காக வகுத்தது. மின்னேற்றத் துகள்களுக்காகப் பிறந்த கணிதம் விண்மீன்களுக்கு வந்து சேர்ந்த இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தீர்மானிக்கையில் இது உதவும்.

அதே 1943-இல் சந்திரசேகர் தற்செயல் நிகழ்வுகளைப் பற்றி ‘ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, வானியலுக்கு வெளியே வேதியியலாளரும் இன்றுவரை எடுத்தாளும் கட்டுரை. தண்ணீரில் மிதக்கும் நுண்துகளின் பிரௌனியன் இயக்கத்தை அதில் விரிவாக எடுத்துக்கொண்டார். நுண்துகளை மூலக்கூறுகள் நாற்புறமும் இடித்துத் தள்ளுகின்றன. அதே மூலக்கூறுகள்தான் அதன் ஓட்டத்துக்குத் தடையாகவும் நிற்கின்றன. விண்மீனுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று கண்டதே அவருடைய பெரிய பாய்ச்சல். அக்கம்பக்கத்து விண்மீன்களின் தற்செயலான இழுப்புகள் மட்டுமே இருந்தால் ஒரு விண்மீனின் வேகம் காலப்போக்கில் எல்லையின்றிப் பெருகிக்கொண்டே போகும். எந்த வேகத்தில் எத்தனை பங்கு செல்லும் என்று மேக்ஸ்வெல் வகுத்த வேகப் பரவல் நிலைக்காது. அது நிலைக்க வேண்டுமானால், ஓடும் திசைக்கு எதிராகச் சராசரியாக ஒரு தடை இருந்தே ஆகவேண்டும். அந்தத் தடை எப்படி எழுகிறது என்று காட்டும் முன்பே, அது இருந்தாக வேண்டும் என்பதைச் சந்திரசேகர் இப்படி நிறுவினார். விண்மீன் கொத்துகளிலிருந்து விண்மீன்கள் தப்பியோடும் வீதத்தை இந்தத் தடை வெகுவாகக் குறைத்துவிடுகிறது என்பதை, முதலில் சொன்ன மூன்று கட்டுரைகளில் பிந்திய இரண்டில் காட்டினார்.

ஆகவே ‘ஃபிரிக்‌ஷன்’ என்ற சொல்லை அவர் போகிற போக்கில் வைக்கவில்லை. தற்செயல் உதைப்பும் தடையும் ஒரே மூலத்தின் இரு முகங்கள் என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘இழுவை’ என்றோ ‘ஈர்ப்பு’ என்றோ மாற்றினால் நிகழ்வின் படம் தங்கும், அதன் காரணநியாயம் போய்விடும்.

தண்டையார்பேட்டையில் நான் மாலை வகுப்பு எடுக்கும் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: “உராய்வுன்னா சூடு வரணும்ல சார், அந்தச் சூடு எங்க போவுது?” இதைவிடக் கூர்மையான கேள்வியை நம் விவாதத்தில்கூட யாரும் எழுப்பவில்லை. விடை என்னவென்றால், சூடு இருக்கவே செய்கிறது. கனமான பொருள் இழக்கும் இயக்க ஆற்றல் சுற்றியுள்ள விண்மீன்களின் ஒழுங்கற்ற அலைச்சலாக மாறுகிறது. வாயுவில் மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற அலைச்சலைத்தானே வெப்பம் என்கிறோம். வானியலாளரும் சுற்றுப்புற விண்மீன்கள் ‘சூடாகின்றன’ என்றே எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கு இடம் கொடுக்கும் சொல் உராய்வு ஒன்றுதான்.

இனி பெரம்பூர் அம்மையாரின் ‘ஈர்ப்பிழுவை’. வானியலோடு நின்றுவிட்டால் இதில் குறை சொல்ல அதிகமில்லை. ‘ஈர்ப்புராய்வு’ என்று திருத்திக்கொண்டு நானே ஏற்றிருப்பேன். ஆனால் சந்திரசேகரின் வாய்பாடு வானியலோடு நிற்கவில்லை. விண்மீன் கூட்டங்களையும், மின்னேற்றத் துகள்களாலான பிளாஸ்மாவையும் ஒருசேர ஆராய்ந்த லைமன் ஸ்பிட்சர் அதைப் பிளாஸ்மாவுக்குள் கொண்டுபோனார். அதில் வரும் ஒரு கணிதச் சார்புக்குச் சந்திரசேகர் சார்பு என்றே பிளாஸ்மா இயற்பியலில் பெயர். வேகம் மிகும்போது இந்தத் தடை வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைந்துபோவதால், வலுவான மின்புலத்தில் சில எலெக்ட்ரான்கள் தடையை மீறி மேலும் மேலும் விரைந்து ஓடிவிடுகின்றன என்று 1959-இல் இயற்பியலர் டிரைசர் காட்டினார். அணுக்கரு இணைவுக்கான டோகமாக் கலன்களை இயக்குவோருக்கு இது இன்றும் கவலை தரும் சிக்கல்.

அங்கே ஈர்ப்பு கிடையாது, மின்விசைதான். அதிலும் ஓர் எலெக்ட்ரானை மற்றோர் எலெக்ட்ரான் விலக்குவதால் பின்னால் நெரிசல் திரள்வதற்கு மாறாக அங்கே அடர்த்தி குறைகிறது, முன்னால் இருப்பவற்றின் விலக்கலே மேலோங்கித் தடுக்கிறது. அப்போதும் தடையின் அளவு மாறுவதில்லை, ஏனெனில் வாய்பாட்டில் விசையின் வலிமை இருமடியாக வருவதால் கவர்ச்சியா விலக்கலா என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆக, எலெக்ட்ரானிடத்தில் ‘பின்னீர்ப்பு’ என்பதில் பின்னும் இல்லை, ஈர்ப்பும் இல்லை. அயனிகளிடமிருந்து விண்மீன்களுக்கு வந்து, மீண்டும் எலெக்ட்ரான்களிடம் திரும்பிய கருத்துக்கு, இரு இடத்திலும் செல்லுபடியாகும் பெயரை வைப்பதுதான் முறை.

இரண்டுக்கும் பொதுவாக நிற்பது, தொடாமலே உராய்வின் வேலை நடக்கிறது என்பதே. ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ‘தொடு விசை’, ‘தொடா விசை’ என்று படித்துவிடுகிறார்கள். காந்தமும் புவியீர்ப்பும் தொடா விசைகள் என்பது அவர்களுக்குப் பாடம். ‘பொய்யாமொழி’, ‘வாடா மலர்’ என்று நாள்தோறும் புழங்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் யாரும் விளக்கக் குறிப்பைத் தேட வேண்டியதில்லை. தொடர்களிலும் இடறாமல் செல்கிறது: தொடாவுராய்வுக் கெழு, தொடாவுராய்வுக் காலம், தொடாவுராய்வுக்கு உட்பட்ட கருந்துளை.

கண்ணுக்குப் புலப்படாமல் ஈர்ப்பால் மட்டுமே அறியப்படும் கரும்பொருளைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல்லின் அருமை எனக்கு முழுதாகப் புலப்பட்டது. 1943-இல் சந்திரசேகர் கணக்கில் கொண்டவை விண்மீன்கள் மட்டுமே. ஆனால் தன்னைவிட மிக இலேசான துகள்கள் நிறைந்த ஊடகத்தில் செல்லும் பொருளுக்கு ஊடகத்தின் அடர்த்திதான் கணக்கு, தனித்தனித் துகளின் நிறை கணக்கில்லை என்பதால், எதனோடும் உரசாத கரும்பொருளுக்கும் அதே வாய்பாடு பொருந்திவிட்டது. ஃபோர்னாக்ஸ் என்னும் குறும்பேரடையின் (சிறிய விண்மீன் மண்டலத்தின்) கோள வடிவ விண்மீன் கொத்துகள் இந்நேரம் அதன் மையத்தில் மூழ்கியிருக்க வேண்டுமே, ஏன் இன்னும் வெளியே சுற்றுகின்றன என்று 1976-இல் வானியலர் ஸ்காட் ட்ரமெய்ன் எழுப்பிய கேள்வி, கரும்பொருளின் இயல்பைச் சோதிக்கும் உரைகல்லாக இன்றும் பயன்படுகிறது. நம் பால்வெளியைச் சூழ்ந்த கரும்பொருள் உறையினூடே செல்லும் பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டைக் குறும்பேரடையின் பின்னே விண்மீன்கள் திரண்டிருக்கும் தடத்தை அடையாளம் கண்டதாக 2021-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. (அந்த மேகம் சென்னையின் தென்னடிவானுக்கு மேல் ஏறத்தாழ 7 பாகைதான் எழும் என்பதால், நகர வெளிச்சம் முழுவதும் தெற்கே இருக்கும் நம் வடசென்னையிலிருந்து அதைப் பார்க்க வாய்ப்பில்லை.)

ஒரு மறுப்பு வரலாம். நுண்முனை கொண்டு பரப்புகளை ஆராய்வோர், முனை பரப்பைத் தொடாதபோதும் எழும் தடைக்கு இதே பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் ‘தொடாவுராய்வு’ தானே வரும் என்று கேட்கலாம். அங்கே ‘முனைப்பரப்புத் தொடாவுராய்வு’ என்று அடைகொடுத்துக்கொள்ளலாம். இங்கே ஐயம் எழும் இடத்தில் ‘சந்திரசேகர் தொடாவுராய்வு’ என்று எழுதலாம். ஆங்கிலத்திலும் அவர் பெயரை முன்னொட்டி எழுதும் வழக்கம் உண்டு.

சந்திரசேகரின் அன்னை சீதாலட்சுமி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். அந்த வீட்டுப் பிள்ளை மாநிலக் கல்லூரியில் படித்து, உலகெங்கும் எடுத்தாளப்படும் கருத்துகளைத் தந்திருக்க, அவற்றுக்குத் தமிழில் அரைகுறைச் சொற்கள் நிலவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அகராதிப் பதிவுக்கான வரைவு இது:

தொடாவுராய்வு: துகள்களோ விண்மீன்களோ நிறைந்த ஊடகத்தினூடே செல்லும் பொருள், அவற்றைத் தொடாமல், ஈர்ப்பு அல்லது மின்விசையால் அவற்றின் பாதைகளை மாற்றித் தன் இயக்க ஆற்றலை அவற்றுக்கு இழந்து வேகம் குறைதல்.

பின்னால் திரளும் விண்மீன் தடத்துக்குத் தனியே ஒரு சொல் வேண்டும். ராயபுரத்துப் பெரியவர் ‘பின்’ என்ற முன்னொட்டை அங்கே வைத்து, ‘பின்செறிவு’ என்பதை ஏற்பாரா என்று அறிய விரும்புகிறேன். பதிவின் சொற்களில் திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து